கழுத்திலிருந்து கீழே

செப்டம்பர் 12

வணக்கம்.

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு காகிதம் எடுத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பொய் மரியாதை வராது என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடட்டும். என் மகள் சுண்டு உங்களைச் சித்தி என்கிறாள். எனக்கு நீங்கள் அவளுடைய அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர். இந்த இரண்டில் எதைச் சொல்லியும் உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் வெறும் வணக்கம்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போன தடவை நாம் இருவரும் பேசியது தெருவுக்கே கேட்டிருக்கும். எழுதினால் கத்த முடியாது.

பார்சலில் இருப்பது சுண்டுவின் ஸ்வெட்டர். கிழிந்துபோன துணி என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் ஆரம்பித்துத் தோள் வரை பின்னியிருக்கிறேன். இனி கீழே போக வேண்டும். நான் வேலை பார்க்கும் ஆடைத் தொழிற்சாலையில் முன்பக்கம், முதுகு, இரண்டு கை என்று தனித்தனியாகச் செய்து கடைசியில் தைப்பார்கள். சுண்டுவுக்குத் தையல் ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோதே சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால்தான் அழுகையை நிறுத்துவாள். அதனால் இதில் எங்குமே தையல் கிடையாது. மேலிருந்து கீழே ஒரே பின்னலாகப் போகும். நான்கு இடங்களில் மட்டும் சுற்றுக்குச் சுற்று வளையங்களைக் கூட்டிக்கொண்டே வந்தால் தோள் தானாக விரியும். எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை. அவளுக்காக நானே போட்ட கணக்கு.

இப்படிப் பின்னுவதில் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. பாதியில் போட்டுப் பார்க்கலாம் என்பது வசதி. போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்பது தொல்லை. அக்குள் எங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் கைகளைப் பிரித்துவிட முடியும். எனவே அவளுக்கு ஒரு பனியன் மேல் இதைப் போட்டு, நேராக நிற்கச் சொல்லி, இரண்டு அக்குளுக்கும் நேராக ஒவ்வொரு ஊக்கு குத்தி அனுப்புங்கள். விளிம்பில் வளையம் வளையமாக இருப்பவை கண்ணிகள். அவற்றை ஒரு பருத்தி நூலில் கோத்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து அந்த நூலை உருவிவிடாதீர்கள். ஒரு கண்ணி நழுவினால் மேலே வரைக்கும் ஓடிவிடும்.

இதைக் கேட்க உங்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கப் போவதில்லை.

இன்னொன்று. பெண்கள் விடுதியில் இருந்தவரை குழந்தையை அழைத்துக்கொள்ள வழியில்லை. இப்போது சமையலறையோடு ஓர் அறை எடுத்துவிட்டேன். இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் பாதி அவள் என்னோடு இருக்க வேண்டும் என்பது விவாகரத்தின்போதே எழுத்தில் போட்டதுதான். ஒன்பது வயதாகிவிட்டது, அவளுக்கும் விருப்பம் இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் புதிதாகச் சொல்கிறார். அவளுக்கு விருப்பம் இல்லாமல் போகாது. யாரும் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

சுண்டுவின் அம்மா

*

செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே கையில் வைத்திருந்தேன். இவ்வளவு சின்னக் கழுத்திலிருந்து தோள் எப்படி விரிகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு ஒரு பொத்தான் தைக்கச் சொன்னாலே மூன்று முறை குத்திக்கொள்வேன். நிறமும் அழகு, மழை வருவதற்கு முன் வானம் இருக்குமே அந்தச் சாம்பல்.

நீங்கள் சொன்னபடியே இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி அனுப்பியிருக்கிறேன். கண்ணி எதுவும் நழுவவில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தலை சுலபமாக நுழைந்தது. கழுத்து பிடிக்கவில்லை.

தையல் விஷயம் எனக்கும் தெரியும் அக்கா. அவளுடைய பள்ளிச் சட்டைகளில் லேபிளை வெட்டி எடுப்பதே என் ஞாயிற்றுக்கிழமை வேலை. வெட்டினால் மிச்சம் நிற்கிற முனை இன்னும் உறுத்துகிறதாம், அதனால் இப்போது ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுக்கிறேன். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

விடுமுறையைப் பற்றி அவர் உங்களிடம் பேசுவார். நான் அதில் மூக்கை நுழைக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் கேட்கலாமா? ஸ்வெட்டர் டிசம்பருக்குள்ளேயே முடிய வேண்டுமா? கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லையா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
சித்தி

*

அக்டோபர் 3

வணக்கம்.

முதலில், என்னை அக்கா என்று எழுத வேண்டாம். என் தங்கை வேறொருத்தி, அவள் என்னிடம் பொய் சொல்ல மாட்டாள்.

நீங்கள் குத்தி அனுப்பிய ஊக்குகளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு அசலாக ஒரே சுற்றில் இருக்கின்றன. ஒரு கண்ணி முன்னே பின்னே இல்லை. நான் எண்ணியதில் தவறோ என்று திரும்பவும் எண்ணினேன்.

சுண்டுவுக்கு நான்கு வயதில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தத் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியே நின்றுவிட்டது. சட்டை போட்டால் வெளியே தெரியாது. அவளைக் குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியும், அவளுக்கு அளந்து துணி செய்தவர்களுக்குத் தெரியும். அவள் உடம்பில் இதைப் போட்டிருந்தால் இடது ஊக்கு இரண்டு மூன்று சுற்றாவது கீழே வந்திருக்கும்.

இது என் மகளின் தோள் இல்லை. யாருடைய தோள்?

அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? அவள் வீட்டில் இல்லையா? அல்லது நான் கொடுக்கும் எதுவும் அவள் உடம்பில் படக் கூடாது என்று முடிவு செய்துவிட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் ‘ம்’ என்றும் ‘இல்ல’ என்றும் மட்டும் சொல்கிறாள். பின்னால் நின்று யாராவது கண்ணை உருட்டினால்தான் ஒரு குழந்தை அப்படிப் பேசும். விசில் அடிக்கிறாள், பல் விழுந்தது என்றெல்லாம் இனிக்க இனிக்க எழுதி என் காதில் பூ சுற்றப் பார்க்காதீர்கள்.

தோள் வட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உண்மையாக அவளுக்குப் போட்டுப் பார்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் நான் வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் மிரட்டவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன்.

சுண்டுவின் அம்மா

*

அக்டோபர் 12

சுண்டுவின் அம்மாவுக்கு,

அக்கா என்று எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. அது எதிர்வீட்டுப் பெண்ணின் தோள். சுண்டுவும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே உயரம். சுண்டுவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். நான் பொய் சொன்னது தப்பு. ஆனால் ஏன் சொன்னேன் என்பதையும் நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

பார்சலைப் பிரித்ததும் அவள் முகம் மலர்ந்தது, அது நிஜம். கையில் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். போட்டுப் பார்க்கலாம் வா என்று நான் கூப்பிட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் கெஞ்சினேன். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: “இது முடிஞ்சா நான் போயிடணுமா சித்தி?”

எனக்குப் புரியவில்லை. மெதுவாக விசாரித்தேன். ஆகஸ்ட் மாதம் போனில் நீங்கள் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள், ஸ்வெட்டர் முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிடலாம் என்று. நீங்கள் ஆசையாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வந்துவிடலாம் என்றால் வந்துவிட வேண்டியதுதான், திரும்ப முடியாது என்று. இங்கிருந்து நீங்கள் ஒரு பெட்டியோடு போனீர்கள், திரும்பவில்லை. அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

போனில் அவள் ‘ம்’ என்று சொல்லும்போது பின்னால் யாரும் நின்று கண்ணை உருட்டவில்லை. நான் அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்விடுவேன். நீங்கள் ஸ்வெட்டர் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லச் சொல்ல அவளுக்குப் பேச்சு நின்றுபோகிறது.

இதை முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவள் போக மாட்டேன் என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு எப்படி எழுதுவது? அதனால் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன்.

இறங்கின தோள் எனக்கும் தெரியும். நானும் அவளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். ஆனால் ஊக்கு குத்தும்போது அது நினைவுக்கு வரவில்லை, அங்கேதான் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். வக்கீலிடம் போவது உங்கள் இஷ்டம். வக்கீல் வந்து குளியலறைக் கதவைத் திறக்க வைப்பாரா என்று மட்டும் யோசியுங்கள்.

தோள் வட்டம் இங்கேயே, அவள் அலமாரியில் இருக்கிறது. அவளே போட்டுக்கொள்கிற வரை நான் யாருக்கும் போட்டுப் பார்க்கப் போவதில்லை.

சித்தி

*

அக்டோபர் 30

வணக்கம்.

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. முதலில் எழுதியதை நான்கு பக்கத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போய்க் கிழித்துப் போட்டேன். அதில் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். திட்டுகிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் அப்படிச் சொன்னது உண்மை. ‘வந்துடலாம்’ என்றுதான் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது, அதனால் சட்டென்று போனை வைத்துவிட்டேன். அது குழந்தைக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

இங்கே அந்த இரண்டாவது கட்டிலைப் பார்க்கப் பிடிக்காமல் அதன் மேல் துணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து, வெட்டி, தைத்து, கடைசியில்தான் ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். பொருந்தாவிட்டால் பாதி குப்பைக்குப் போகும். அது பிடிக்காமல்தான் வீட்டில் கழுத்திலிருந்து பின்னுகிறேன். கழுத்தை மட்டும் நாம் முடிவு செய்தால் போதும், மற்றதைப் போடுகிறவர் உடம்பைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். ஸ்வெட்டருக்கு இதைச் செய்யத் தெரிந்த எனக்கு டிசம்பர் விடுமுறைக்குச் செய்யத் தெரியவில்லை. அவளைக் கேட்காமலேயே கட்டில் வாங்கினேன்.

நீங்கள் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் போனில் சொன்னால் மறுபடி உளறிவிடுவேன். இந்த ஸ்வெட்டர் என்னிடம் வருவதற்கு இல்லை, அங்கேயே பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவதற்கு. முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவள் எங்கேயும் போக வேண்டாம். டிசம்பரில் வர வேண்டாம். அவளாக வரணும் என்று சொன்னால் வரலாம், சொல்லாவிட்டால் நான் கேட்க மாட்டேன்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டேன். நீங்கள் இப்போது சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று எழுதி அதையும் அடித்துவிட்டேன், தெரிகிறதல்லவா. அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன்.

சொல்வதும் சொல்லாததும் உங்கள் கையில்.

சுண்டுவின் அம்மா

*

நவம்பர் 11

சுண்டுவின் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, கடிதத்தைப் பார்த்துப் படித்தே காட்டினேன். அடித்திருந்த இடத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன். கடிதம் வந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. உங்களிடம் இனிமேல் எதை மறைத்தாலும் ஊக்கை எண்ணிக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அவள் முழுவதையும் கேட்டாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, அந்தத் தோள் வட்டத்தைத் தானே தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். பருத்தி நூல் கீழே தொங்கத் தொங்க வீடு முழுக்க நடந்தாள். சரி, ஊக்கு குத்தலாம் வா என்றேன். குத்தவிட்டாள். இந்த முறை இடது பக்கம் கீழேதான் வந்தது. எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

இப்போது பிரச்சினை வேறு. கழற்ற மாட்டேன் என்கிறாள். பள்ளிச் சட்டைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு போனாள், வகுப்பு ஆசிரியை இது என்ன போர்வையா என்று கேட்டாராம். குளிக்கவும் தூங்கவும் கழற்றினால் தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை நூல் ஒரு பக்கம் நழுவி, ஒரு கண்ணி விழுந்து ஏணி மாதிரி மேலே ஓடிவிட்டது. அவளையே இழுத்துக்கொண்டு கம்பளிக்கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மா ஒரு கொக்கி ஊசியால் படி படியாக ஏற்றிக் கொடுத்தார். எப்படி என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். இப்போது அது ஒன்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அனுப்பினால் மீதியைப் பின்னித் தருவாங்க என்று சொல்லிப் பார்த்தேன். “பார்சல்ல போட்டா தொலைஞ்சிடும்” என்கிறாள். தொலையாது என்றேன். “தொலைஞ்சா?” என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, அது உங்களிடம் வராது. நீங்கள்தான் அதனிடம் வர வேண்டும். அவரிடம் பேசிவிட்டேன். வெள்ளி முதல் ஞாயிறு வரை தன் தம்பி வீட்டில் இருந்துகொள்வதாகச் சொன்னார். முன்னறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும். இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். உங்களை இங்கே உட்கார வைத்துப் பார்ப்பது எனக்கும் ஒன்றும் சுலபமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இந்த மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு விடுப்பு சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் ஒரு வரி எழுதுங்கள்.

சித்தி

*

நவம்பர் 28

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது மரியாதை இல்லை. நீங்கள் சமையலறையில் இருந்தீர்கள். வந்து சொன்னால் உங்கள் முன்னால் அழுதிருப்பேன், அதை நான் செய்ய விரும்பவில்லை. நீங்கள் வைத்த தேநீரைக் குடிக்காமல் விட்டதற்கும் அதுவே காரணம்.

மூன்று நாளும் நீங்கள் நல்லபடியாக நடந்துகொண்டீர்கள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்னறையில் நான் வாங்கிய திரைச்சீலை இன்னும் தொங்கியது எனக்குக் குத்தியது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்.

நீங்கள் உள்ளே போய் எங்களைத் தனியாக விட்டபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அவள் எனக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என் கையையே பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில். கொஞ்சம் பின்னினதும் போட்டுப் பார்க்க வா என்று கூப்பிட்டால் வந்து நிற்பாள், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், சுற்றச் சொன்னால் சுற்றுவாள். இரண்டு வருடம் கழித்து அவள் முதுகைத் தொட்டேன். அவளுக்குத் தெரியக்கூடாதென்று அளப்பது போலவே தொட்டேன். சனிக்கிழமை உடம்புப் பகுதி இடுப்பைத் தாண்டி முடிந்தது. அவள் குனிந்து அடியில் விரலை விட்டுத் தடவி, தையல் இல்லை என்றாள். அவளாகப் பேசியது அது ஒன்றுதான். நான் அன்றிரவு உங்கள் ஊரில் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன்.

ஞாயிறு கைகள். இடது கை முழங்கைக்கு வந்தபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “போதும். இதோட மூடிடு” என்றாள். குளிர்காலத்துக்கான ஸ்வெட்டர், மணிக்கட்டு வரை வர வேண்டும் என்றேன். வேண்டாம் என்றாள். நிறைய நூல் இருக்கிறது, சீக்கிரம் போட்டுவிடுவேன், வலிக்கிறதா, உறுத்துகிறதா என்று என்னென்னவோ கேட்டேன். “போதும்னு சொன்னேன்ல” என்றாள். கண்ணிகள் அவிழாதபடி விளிம்பை மூடினேன். வலது கையையும் அதே அளவில் மூடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மூடி நூலை வெட்டியதும் உள்ளே ஓடிவிட்டாள்.

போதும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துக்கொண்டாள், அதற்கு மேல் முடியவில்லை. நான் பின்னிய ஸ்வெட்டரைத்தான் அவளால் போட்டுக்கொள்ள முடிகிறது, என்னை முடியவில்லை. அவள் மேல் கோபம் இல்லை. விட்டுவிட்டுப் போனவள் நான்.

கட்டிலைக் கீழ்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். இனி நான் வர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனும் வேண்டாம், அவளை யாரும் கட்டாயப்படுத்திப் பேச வைக்க வேண்டாம். குளிரும்போது உள்ளே நீளக்கைப் பனியன் போட்டுவிடுங்கள். அதன் தையலை வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள்.

சுண்டுவின் அம்மா

*

டிசம்பர் 6

சுண்டுவின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. இதை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன். இன்றே தபாலில் சேர்க்க வேண்டும். நீங்கள் ஊசிக் கணக்கில் கெட்டிக்காரர். இந்த விஷயத்தில் மட்டும் முழுத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இங்கே நல்ல குளிர். சுண்டு அரைக் கையோடுதான் பள்ளிக்குப் போகிறாள். உள்ளே பனியன் போட மாட்டேன் என்கிறாள். நேற்றுக் காலை முழங்கைக்குக் கீழே கை இரண்டும் சிவந்து, மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் கொக்கி ஊசிக்குப் பிறகு நான் கம்பளிக்கடைக்காரம்மாவிடம் வாரம் இரண்டு நாள் போய்ப் பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சுமாராகத்தான் வருகிறது, ஆனால் வட்டமாகப் பின்ன வருகிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த அதே சாம்பல் நூலை எடுத்து, கையை மட்டும் நான் நீட்டித் தருகிறேன், வா என்றேன்.

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். “நீங்க போட வேண்டாம் சித்தி. அம்மா வந்து போடட்டும்” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் வருவதற்கு முந்தைய நாள் ஊக்கு வாங்க அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கடைக்காரம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று மாலை, உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு, கடைக்குப் போய் அவரையே கேட்டேன். கைகளை மூடின பிறகு மறுபடி நீளமாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். மேலிருந்து கீழே பின்னினது என்றால் முடியும், கடைசிச் சுற்றைப் பிரித்துவிட்டு அங்கிருந்தே தொடரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் நீட்டலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பின்னினவங்களேதான் வந்து நீட்டணுமா என்று அடுத்த கேள்வி. ஆமாம், ஒவ்வொருவர் கை இறுக்கம் ஒவ்வொரு மாதிரி, வேறு ஆள் போட்டால் வித்தியாசம் தெரியும் என்றாராம். அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுநாள் உங்கள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முழங்கையோடு நிறுத்தச் சொன்னதற்கு அதுதான் காரணம். முழுக்கை போட்டு முடித்துவிட்டால் நீங்கள் திரும்ப வருவதற்கு வேலை இருக்காதே.

எனக்கு வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். இரண்டு வருடமாக லேபிள் பிரித்தவள் நான். ஒரு கை பின்னக் கூட எனக்கு அனுமதி இல்லை. நேற்றிரவு அந்தச் சாம்பல் நூலை எடுத்து ஒரு மூலையில் போட்டேன், பிறகு எடுத்து உறையில் வைத்தேன். இதோடு அனுப்பியிருக்கிறேன், உங்களிடம் மிச்சம் போதாவிட்டால் உதவும்.

கட்டில் போனால் போகட்டும். அடுத்த வாரச் சனிக்கிழமை வாருங்கள், பள்ளி மதியம்வரைதான். ஒரே நாளில் மணிக்கட்டு வரை போட்டு முடித்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். எழுதலாம், ஆனால் தான் கூப்பிட்டதாக எழுதக்கூடாது என்றாள். அவள் கூப்பிட்டதாக நான் எழுதவில்லை.

சித்தி